பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள்



சென்ற பொங்கல் விழா முடிந்ததும், வழக்கம்போல் மண்டபத்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினேன். மூன்றாவது நாற்காலியைத் தூக்கும்போது நம் உறுப்பினர் ஒருவரின் மகன் ஓடி வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "ஐயா, நீங்க போய் உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றான். தங்கமான பிள்ளை. அவனுடைய பெற்றோர் அவனை நன்றாக வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அவன் அன்று எனக்குச் செய்தது உதவியல்ல என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. இதை அவனிடம் நேரில் சொல்லியிருந்தால் கிழவனுக்குக் கோபம் என்று நினைத்திருப்பான். ஆகவே மலரில் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. சிவில் டிப்ளமோ படித்துவிட்டுத் தென் மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். தசையைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, தசையும் ஓர் இயந்திரம்தான். எரிபொருள், சேமிப்பு, திறன், தேய்மானம், பராமரிப்பு என்று நாங்கள் ரயில்வேயில் பேசிய எல்லாம் அதற்கும் பொருந்தும். இரண்டாவது பதில் என் அக்கா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் சொந்த ஊர் கார்வேட்டிநகரம். சித்தூர் மாவட்டத்துக்காரர்களைத் தவிர மற்றவர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஒரு காலத்தில் ஜமீன் தலைநகர். வேணுகோபால சுவாமி கோயிலும், ஸ்கந்த புஷ்கரிணி என்ற பெரிய தெப்பக்குளமும் இன்றைக்கும் இருக்கின்றன. 1960ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நாங்கள் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டோம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. இரண்டும் தாய்மொழி மாதிரிதான்.

ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் வேண்டுமென்றால் ஏழு மைல் தள்ளிப் புத்தூருக்குப் போக வேண்டும். என் தந்தையார் பஸ் காசை மிச்சம் பிடிப்பதற்காக நடந்தே போய் வருவார். அம்மாவும் அக்காவும் காலையில் இராட்டினத்தில் தண்ணீர் சேந்துவார்கள். பிறகு ஆட்டுக்கல், அம்மி, உரல். மாலையில் மறுபடி கிணறு. அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் உள்ளங்கை காய்ப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. மிக்சியும் மோட்டாரும் வந்தது பெண்களுக்குக் கிடைத்த விடுதலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வேலை போன இடத்தில் நாம் வேறு எதையும் வைக்கவில்லை. அதுதான் என் வாதத்தின் ஆரம்பம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை மிகவும் வியக்க வைத்தவர்கள் ட்ராலிமேன்கள். ரயில்வேக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தண்டவாளத்தைப் பரிசோதிக்க எங்களுக்கு ஒரு தள்ளுட்ராலி உண்டு. அதிலே அதிகாரி உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேர் வெறுங்காலோடு, ஆளுக்கொரு தண்டவாளத்தின் மேல் ஓடியபடியே தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். இரண்டரை அங்குல அகல இரும்பின் மேல், வெயிலில், கால் பிசகாமல் ஓடுவதென்றால் சாதாரண விஷயமா? கீமேன் என்பவர் தம் எல்லையை ஒவ்வொரு நாளும் சுத்தியலோடு நடந்தே பார்த்து வருவார். கேங்மேன்கள் பீட்டரால் ஜல்லியை இடித்து இடித்து ஸ்லீப்பருக்கு அடியில் செலுத்துவார்கள். இப்போது அதில் பெரும் பகுதியை இயந்திரங்கள் செய்கின்றன. ஓய்வு பெறும் வயதிலும் அவர்களில் பலருக்குக் கெண்டைக்கால் கருங்கல்லாக இருந்தது. ட்ராலியில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் 45 வயதில் தொப்பையும் 52ல் சர்க்கரையும் வந்தன.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன்.

தசை சுருங்குவதற்கு நேரடி எரிபொருள் நாம் தின்னும் இட்லி அல்ல. ஏ.டி.பி. என்ற ஒரு பொருள். இட்லி, பருப்பு, எண்ணெய் எல்லாமே கடைசியில் இந்த ஒரே நாணயமாக மாற்றப்பட்ட பிறகுதான் தசையில் செலவாகும். வேடிக்கை என்னவென்றால், அந்த நாணயத்தைத் தசை அதிகம் சேர்த்து வைப்பதில்லை. முழு மூச்சில் வேலை செய்தால் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். உடனே பக்கத்து அறையிலிருந்து கிரியாட்டின் பாஸ்பேட் என்ற இன்னொரு சேமிப்பு கைகொடுக்கும். அது இன்னும் ஏழெட்டு விநாடி. டீசல் எஞ்சினைக் கிளப்ப பேட்டரி இருக்கிறதல்லவா, அதுபோல. பஸ்ஸைப் பிடிக்க ஓடும் முதல் சில அடிகள் அந்தப் பேட்டரியில்தான். அதற்குமேல் ஓடினால் தசையில் உள்ள சர்க்கரை ஆக்சிஜன் இல்லாமலே அவசரமாக உடைக்கப்படும். அது ஓரிரண்டு நிமிடம். பிறகு நிதானமாக, ஆக்சிஜனோடு, மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உலைகளில் சர்க்கரையும் கொழுப்பும் எரியும். நெடுந்தூர வண்டி ஓடுவது அந்த உலையில்தான்.

இந்தப் பேட்டரியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் யாரென்று தெரிந்தால் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895ல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர், ஆனால் படித்து ஆளானது நம் சென்னையில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறியவர். அதன் பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். டிப்ளமோக்காரனான எனக்கு இந்த இடத்தில் ஒரு தனிப் பாசம் உண்டு. பிறகு அமெரிக்கா போனார். ஆஸ்பத்திரியில் இரவு நேர ஊழியராக நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைச் சுத்தம் செய்து வயிற்றைக் கழுவினார். பாஸ்டன் நகரில் ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தில் பிஸ்க் என்பவரோடு சேர்ந்து, ரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925ல் வெளியிட்டார். அந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டு 1927ல் தசைக்குள்ளிருந்து கிரியாட்டின் பாஸ்பேட்டை எடுத்துக் காட்டினார்கள். 1929ல் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

அதுவரை தசையின் சக்திக்கு லாக்டிக் அமிலமே மூலகாரணம் என்று நம்பியிருந்தார்கள். 1922ம் ஆண்டுக்கான நோபல் பரிசே ஹில், மெயர்ஹாப் என்ற இருவருக்கு அந்தத் துறை ஆராய்ச்சிக்காகத்தான் கிடைத்தது. அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்தை ஆட்டியவர்களில் நம் கதர்ச்சட்டைக்காரரும் ஒருவர். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. லெடர்லி நிறுவனத்துக்குப் போய் அங்கே ஆராய்ச்சித் தலைவரானார். நம் ஊர்ப் பக்கம் வீடு வீடாகக் கொடுக்கும் யானைக்கால் மாத்திரை அவருடைய குழுவின் வேலை. 1948ல் நியூயார்க்கில் காலமானார். 1995ல் நூற்றாண்டுக்கு ஒரு தபால் தலை வந்தது. நம் சங்கக் கூட்டங்களில் எத்தனையோ பேருடைய பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம், இவரை ஒருமுறையாவது நினைத்திருக்கிறோமா? தமிழர் இல்லையே என்று சொல்லாதீர்கள். சென்னை வளர்த்த பிள்ளை.

சரி, நொதிக்கு வருவோம். என்சைம் என்று டாக்டர்கள் சொல்வதுதான் நொதி. என் பாஷையில் சொன்னால் பாயிண்ட்ஸ்மேன். வண்டியோடு அவர் பயணம் செய்வதில்லை. ஆனால் அவர் இல்லாமல் வண்டி தடம் மாறாது. ஒரு வண்டி போனதும் அடுத்த வண்டிக்கு அதே இடத்தில் தயாராக நிற்பார். சர்க்கரையை உடைப்பதற்கு, கொழுப்பை எரிப்பதற்கு, பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு என்று ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனி நொதிகள் தசைக்குள் நிற்கின்றன. எத்தனை பாயிண்ட்ஸ்மேன்கள் பணியில் இருக்கிறார்களோ அத்தனை வண்டிதான் ஓடும்.

இதிலே முக்கியமான சங்கதி ஒன்று. அவர்களுடைய எண்ணிக்கை நிலையானதல்ல. ஹோலோசி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1967ல் எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார். மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இருமடங்கு ஆகியிருந்தன. பிறகு ஸ்வீடன்காரர்கள் ஊசியால் மனிதத் தொடையிலிருந்து கடுகளவு தசையை எடுத்துப் பார்த்தபோது மனிதனிலும் பயிற்சியால் அவை பெருகுவதைக் கண்டார்கள். பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அவை பழைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன. போக்குவரத்து இல்லாத சைடிங்கில் புல் முளைக்கும். சிக்கன நடவடிக்கை என்று ஆட்களை எடுத்துவிடுவார்கள். உடம்பும் கறாரான ரயில்வே போர்டுதான். வண்டி ஓடாத பாதைக்கு அது சம்பளம் கொடுப்பதில்லை.

1966ல் அமெரிக்காவில் டல்லஸ் நகரில் ஐந்து இளைஞர்களை, எல்லோரும் 20 வயதுக்காரர்கள், மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதை முன்னும் பின்னும் அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து, அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து 50 வயதில் மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்! பிறகு அந்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். 20 வயதில், படுக்கைக்கு முன்பிருந்த அளவுக்கே திரும்பினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்காவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் என் சொந்தக் கோமாளித்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற மறு வருடம் திருமலைக்கு அலிபிரி வழியாக நடந்து ஏறுவதாக வேண்டுதல். 3,550 படிகள். எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? ஏறும்போதே கணக்குப் போட்டேன். என் எடை 65 கிலோ, உயரம் ஏறத்தாழ 650 மீட்டர். பெருக்கினால் சுமார் 4 லட்சத்து 14 ஆயிரம் ஜூல், அதாவது 100 கலோரிக்கும் சற்றுக் குறைவு. தசையின் திறன் நூற்றுக்கு 20லிருந்து 25. ஆகவே உள்ளே 400 கலோரிக்கு மேல் எரிய வேண்டும், சமதள நடை தனி. ஏழெட்டு இட்லிக் கணக்கு. நீராவி எஞ்சின் நூறு பங்கு நிலக்கரியில் ஆறேழு பங்கைத்தான் வேலையாக மாற்றியது. அந்த வகையில் பெருமாள் படைத்த எஞ்சின் மோசமில்லை. மிச்சமெல்லாம் சூடாக வெளியே போகிறது. காலி கோபுரத்தருகே என் சட்டையைப் பிழிந்தபோது அதற்கு நிரூபணம் கிடைத்தது. முழங்கால் முறிச்சான் படியிலே பாட்டிமார்கள் கோவிந்தா சொல்லிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

தரிசனம் ஆயிற்று. பஸ்ஸுக்குக் கூட்டம். இறங்குவதுதானே, சுலபம் என்று படியிலேயே இறங்கினேன். அங்கேதான் தவறு. ஏறும்போது தசை சுருங்கிக்கொண்டு வேலை செய்கிறது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. மூச்சு வாங்காது, ஆனால் பழகாத தசை நார்களில் நுண்ணிய கிழிசல் விழும். காட் செக்‌ஷனில் வண்டி இறங்கும்போது பிரேக் கட்டைகள் தேய்வதைப் பார்த்தவனுக்கே இது தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்துக் கழிப்பறையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. (இந்த வலி லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் கலைந்துவிடும். மறுநாள் வரும் வலிக்குக் காரணம் அந்தக் கிழிசலும் அதைச் சுற்றிய வீக்கமும்தான்.)

மூன்றாம் நாள் வருடாந்தர ரத்தப் பரிசோதனைக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்ததால் போனேன். சி.பி.கே. என்ற நொதி 200க்குள் இருக்க வேண்டியது 1,400 இருந்தது. எஸ்.ஜி.ஓ.டி.யும் கூடுதல். அங்கிருந்த ஓர் இளம் டாக்டர் முகம் மாறி, இதயமாக இருக்கலாம், ஈரலாகவும் இருக்கலாம், இன்றே அட்மிட் ஆகுங்கள் என்றார். வீட்டில் அழுகை. ஈ.சி.ஜி. சரியாக இருந்தது, இதயத்துக்கான டிரோபோனின் பரிசோதனையும் சரியாக இருந்தது. ஆஞ்சியோகிராம் வரை பேச்சுப் போன பிறகு ஒரு மூத்த டாக்டரம்மா வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார், நான் கட்டிலிலிருந்து இறங்கும் கோணலைப் பார்த்தார். "இந்த வாரத்துல எங்கேயாவது மலை ஏறினீங்களா?" என்று கேட்டார். ஒரே கேள்வி. பத்து நாளில் எல்லாம் இறங்கிவிடும் என்றார், இறங்கிற்று.

சி.பி.கே. என்பது என்ன தெரியுமா? சுப்பாராவ் கண்டெடுத்த அந்தப் பேட்டரியிலிருந்து சக்தியை எடுத்து ஏ.டி.பி.யாக மாற்றித் தரும் பாயிண்ட்ஸ்மேன்தான். தசைச் சுவர் கிழியும்போது ரத்தத்தில் கசிகிறார். எஸ்.ஜி.ஓ.டி. ஈரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. ரத்தம் கொடுக்கப் போகும்போது, முந்தைய சில நாட்களில் பழகாத கடின வேலை செய்திருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதே சமயம் என் கதையைக் கேட்டு யாரும் வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. மார்வலி வந்தால், அல்லது கடும் உழைப்புக்குப் பிறகு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், கட்டுரையைக் கீழே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தசைவலி வந்தால் தாமாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள்.

இனி அக்கா.

2021ல், அவருக்கு 68 வயது இருக்கும்போது, கார்வேட்டிநகரத்து வீட்டில் பின்கட்டு ஈரத்தில் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல். எங்கள் பக்கத்தில் எலும்பென்றால் புத்தூர்தான். சென்னையில் தெருவுக்குத் தெரு பலகை மாட்டியிருக்கிறார்களே புத்தூர் கட்டு என்று, அந்தப் புத்தூர் எங்கள் புத்தூர்தான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே கட்டினார்கள். மூங்கில் பத்தை, துணி, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை. புத்தூர் கட்டா, ஆஸ்பத்திரி மாவுக்கட்டா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அக்காவுக்கு எலும்பு கூடிவிட்டது. இரண்டரை மாதத்தில் கட்டை எடுத்தாயிற்று.

கட்டை எடுத்தபோது அந்தக் கால் மற்றக் காலில் பாதியாக இருந்தது. முருங்கைக்காய் போல என்று அக்காவே சிரித்தார். அந்த நேரத்தில்தான் நாங்கள் கெடுத்தோம். நாங்கள் என்றால் முதலில் நான். இங்கிருந்து பணம் அனுப்பினேன், கட்டிலோரம் வைக்கும் கழிப்பறை நாற்காலி வாங்கிக் கொடுத்தேன், ஒரு வேலைக்காரப் பெண்ணை ஏற்பாடு செய்தேன். "அக்கா, நீ கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. என்ன வேணுமோ கேளு, வரும்" என்று போனில் கட்டளை போட்டேன். அக்கா, "இல்லடா தம்பி, கொஞ்சம் நடந்து பாக்கறேனே" என்றார். நான் விடவில்லை. மருமகளும், "நீங்க உட்காருங்க அத்தை, மறுபடி விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று காப்பி முதல் சாப்பாடு வரை கட்டிலுக்கே கொண்டு வந்தாள். இதைவிட நல்ல மருமகள் எங்கே கிடைப்பாள்? ஊரே மெச்சிற்று.

ஐந்து மாதம். அதன் பிறகு அக்காவால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, பிறகு ஊன்றியும் எழ முடியவில்லை. மாத்திரையில் அடங்கியிருந்த சர்க்கரை ஏறி இன்சுலின் ஊசிக்குப் போயிற்று. அப்போது டாக்டர் விளக்கியது இது: சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கி வைக்கும் கிடங்கு தசைதான். தசை வேலை செய்யும்போது இன்சுலின் துணையில்லாமலே கூட அதன் கதவு திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிடங்கையும் சுருக்கிவிட்டுக் கதவையும் பூட்டிவிட்டால் சரக்கு எங்கே போகும்? பிளாட்பாரத்தில்தான் குவியும். 2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். அரிசியையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். கிடங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2007ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஆரோக்கியமான முதியவர்கள், சராசரி வயது 67, பத்தே நாள் படுக்கையில் இருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிற்று. பத்து நாளுக்கு இதென்றால், என் அன்பினால் அக்கா இழந்ததை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என்னால் போட முடியவில்லை.

அதிலும் முதலில் போவது வேகமான நார்கள். தசையில் இரண்டு விதம் உண்டு. நெடுநேரம் நிதானமாக உழைக்கும் சிவப்பு நார், சட்டென்று பாயும் வெளுத்த நார். நாட்டுக்கோழியின் தொடைக்கறிக்கும் நெஞ்சுக்கறிக்கும் நிறம் வேறாக இருப்பதன் காரணம் இதுதான். வயதானால் அந்த வெளுத்த நார்கள் அதிகம் தேய்கின்றன. கால் இடறும்போது அடுத்த காலைச் சட்டென்று முன்னே போட்டு நம்மைக் காப்பாற்றுவது அவைதான். விழுந்துவிடுவார் என்று பயந்து உட்கார வைக்கிறோம். உட்கார வைப்பதால் விழத் தயாராக்குகிறோம்.

முட்டி வலிக்கிறதே, இதயம் தாங்குமா, இந்த வயதில் இனி என்ன வளரப் போகிறது என்று கேட்பார்கள். முதல் இரண்டுக்கும் உங்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். அளவைத்தான், அனுமதியை அல்ல. மூன்றாவதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. 1990ல், சுப்பாராவ் வேலை பார்த்த அதே பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மீதிப் பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! வெறும் நடை மட்டும் போதாது என்பதற்கும் இதுவே சாட்சி. நடை சிவப்பு நாருக்கும் உலைக்கும் நல்லது. வலிமைக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும். தண்ணீர்க் குடம், அரிசிப் பை, மாடிப்படி எல்லாம் பாரம்தான். கூடவே பருப்பு, சுண்டல், மோர், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை. வயதாகிவிட்டது, ராத்திரிக்கு இரண்டு இட்லி போதும் என்று குறைத்துக்கொண்டே போவதும் ஒரு மூடநம்பிக்கை.

அக்காவுக்கு ஒரு பிசியோதெரபிப் பெண் வந்து, முதலில் கட்டில் விளிம்பிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் ஒரு தடவை, அதுவும் இருவர் பிடித்துக்கொண்டு. ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் எட்டுத் தடவை வந்தது. இப்போது கம்பு ஊன்றித் தெரு முனை வரை போகிறார். புஷ்கரிணிப் படியில் இறங்க முடியாது. தரையில் உட்கார்ந்து கோலம் போட முடியாது. மார்கழியில் ஊரே நின்று பார்க்கும் கோலம் அவருடையது. போன மார்கழியில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேத்திக்குப் புள்ளி எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது சங்கத்துக்கு என் கோரிக்கை. ஆண்டு விழாவில் மூத்த உறுப்பினர்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். பொன்னாடை இருக்கட்டும். அதற்கு முன் கை இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு, சாதாரண நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். பக்கத்தில் பிடிப்பதற்கு ஓர் இளைஞர் நிற்கட்டும், நாற்காலி சுவரோரம் இருக்கட்டும். அமெரிக்க சுகாதாரத் துறையின் அளவுகோலின்படி 65லிருந்து 69 வயது வரை ஆண்களுக்கு 12க்கும், பெண்களுக்கு 11க்கும் கீழே போனால் விழும் அபாயம் கூடுதல். நான் முதலில் பார்த்தபோது 9. ஆறு மாதம் தினமும் செய்த பிறகு இப்போது 14. இதிலே போட்டி, பரிசு எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த விழாவில் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

இன்னொன்று. நூலகத்தை மாடியிலிருந்து கீழே கொண்டுவர வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் சில அன்பர்கள் கேட்டார்கள். மெய்யாகவே ஏற முடியாதவர்களுக்குப் புத்தகத்தைக் கீழே எடுத்துவந்து கொடுக்க ஆள் போடுவோம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நூலகம் அந்த 22 படிகளுக்கு மேலேயே இருக்கட்டும். கைப்பிடியை மட்டும் பலப்படுத்துங்கள், ஒரு பக்கம் ஆடுகிறது. கடப்பாரையும் சிமெண்டும் கொடுத்தால் நானே வந்து சரிசெய்து தருகிறேன்.

சித்திரை விழா முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கும் குழுவில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தங்கமான பிள்ளையின் பெயரை எனக்கு அடுத்ததாகப் போடுங்கள். ஆளுக்குப் பாதி.